ஐந்தாவது மழைக்கோட்டு

எங்கள் தெருவில் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவருக்குக் கோபக்காரர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் யாரும் அவர் கடைக்குள் சற்று நேரம் நின்று பார்த்ததில்லை. சுவரோரம் ஆளுயரக் கண்ணாடிகள் சாய்ந்திருக்கும். மேசைமேல் பழைய கம்பளி, அடிமட்டம், மண்ணெண்ணெயில் தோய்த்த வெட்டுச் சக்கரம். கோடு ஒரே இழுப்பில் விழ வேண்டும்; அதன்மேல் மறுபடி இழுத்தால் கண்ணாடி தாறுமாறாக உடையும். அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளையை ஓட விட்டுவிட்டுப் போனில் சிரித்துப் பேசும் தகப்பனைப் பார்த்துக் கத்துவார். கத்தத்தான் வேண்டும்.

கண்ணாடி சுமந்து சுமந்து மாடி ஏறியதில் அவருடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனாலும் மலை ஏறுவதில் ஆசை விடவில்லை. எங்கள் தீவின் நடுவே நிற்கும் மலைக்கு அவரும் நண்பர்களும் போவார்கள். மருந்துக்கடைக்காரர், தையல்காரர், பள்ளி வேன் ஓட்டுபவர், கண்ணாடிக்காரரின் மச்சினன், ஆக மொத்தம் ஐந்து பேர். எனக்கு இடுப்பு வலி. அடிவாரத்தில் வேனிலேயே உட்கார்ந்திருப்பேன். மேலே அன்று நடந்ததை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்போனதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அவர்களுக்குள் இரண்டு விதிகள் உண்டு. மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும். யாராவது தவறிப்போனால், தவறியவர் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. இரண்டையும் வகுத்தவர் மருந்துக்கடைக்காரர்.

அன்று காலையிலேயே மழை. மருந்துக்கடைக்காரர் மொத்த விலையில் வாங்கிய மஞ்சள் மழைக்கோட்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். தலைமூடியை இழுத்தால் மூக்கு வரை மறைந்துவிடும்.

“எல்லாரும் கோழிக்குஞ்சு மாதிரியே இருக்கீங்கப்பா,” என்றார் வேன்காரர்.

பாதி வழியில் மழை வலுத்தது. மருந்துக்கடைக்காரருக்குப் பனி மூடுவதற்குள் உச்சிக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட வேண்டும். முன்னால் நடந்த கண்ணாடிக்காரரை நிறுத்தினார்.

“அண்ணே, இன்னைக்கு நீங்க பின்னாடி வாங்க. உங்களுக்காக ஊர்ந்துகிட்டிருந்தா மேல எல்லாம் மூடிடும்.”

“அப்ப விதி?”

“மழைக்கு ஏதுண்ணே விதி?”

தையல்காரர் மரத்தைப் பார்த்தார். மச்சினன் குனிந்து காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கண்ணாடிக்காரர் வந்து சேர்ந்தபோது முன்னால் யாரும் இல்லை. விதிப்படி அங்கேயே நின்றார். மேலே போனவர்களுக்குப் பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. திரும்பும்போது, நேரம் மிச்சம் என்று குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். அது அவர் நின்ற இடத்தைத் தொடாது. வழியில் மருந்துக்கடைக்காரர் தன்னையும் சேர்த்து எண்ணினார். ஐந்து மஞ்சள் கோட்டு. சரி என்று நடந்தார்.

வேன் கதவைத் திறந்தேன். ஐந்து பேரும் சொட்டச் சொட்ட ஏறினார்கள். கடைசியாக ஏறியவர் தலைமூடியை நீக்கினார். தடித்த மீசை, நீர் கோத்த மூக்குக் கண்ணாடி. முன்பின் பார்த்திராத முகம்.

“யாருங்க நீங்க?” என்றேன்.

அவர் சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “நீங்கல்லாம் யாரு? எங்க ஆபீஸ் ஆளுங்க எங்க?”

இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை செய்பவராம். அவர்கள் கூட்டத்துக்கும் அதே கடையில் அதே கோட்டு. மருந்துக்கடைக்காரரைக் காட்டி, “இவர்தானே சார் ‘வாங்க வாங்க, சீக்கிரம்’னு கூப்பிட்டாரு? எங்க மேனேஜர்னு நெனச்சு ஓடியாந்தேன்,” என்றார்.

மச்சினனுக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயோ, மாமா! அக்காகிட்ட நான் என்ன சொல்லுவேன்?”

“முதல்ல மேல போடா! பொழுது சாயுறதுக்குள்ள வழியில இருக்கிற ஓடையில வெள்ளம் வந்துரும். அந்தக் காலை வெச்சுக்கிட்டு மனுஷன் எப்படித் தாண்டுவான்?” என்று கத்தினேன். என் வயதுக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

நால்வரும் ஓடினார்கள். இன்சூரன்ஸ்காரரும் கூடவே இறங்கினார். “அவரோட எடத்துலதானே நான் வந்திருக்கேன்,” என்றார்.

கண்ணாடிக்காரர் ஒரு வேரின்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது.

“அண்ணே, நல்லவேளை! மழைல ஒண்ணுமே தெரியலண்ணே,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“எண்ணினியா?”

“எண்ணினேண்ணே. அஞ்சு இருந்துச்சு.”

“அஞ்சு என்ன இருந்துச்சு? ஆளா, கோட்டா?”

“மாமா...” என்று ஆரம்பித்தான் மச்சினன்.

“நீ பேசாத. உங்க அக்கா கேட்டா, மழைல கரைஞ்சு போயிட்டாருன்னு சொல்லு.”

மருந்துக்கடைக்காரர் தோள் கொடுக்க வந்தார். கண்ணாடிக்காரர் அதைத் தட்டிவிட்டு இன்சூரன்ஸ்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஓடையில் தண்ணீர் இடுப்பைத் தொட்டது. இருவரும் பிடி விடாமல் கடந்தார்கள்.

வேனருகே வந்ததும் மருந்துக்கடைக்காரர், “எல்லாம் இந்தப் பாழாப்போன மழையால வந்தது,” என்றார்.

அதுவரை கண்ணாடிக்காரர் வேனில் ஏறுவதாகத்தான் இருந்தார். மழைக்கோட்டைக் கழற்றிச் சுருட்டி மருந்துக்கடைக்காரரின் கையில் திணித்தார். “மழையா என்னைப் பின்னாடி அனுப்புச்சு? ‘நான்தான் விட்டுட்டு வந்தேன்’னு சொல்ல உனக்கு வாய் வரல, இல்ல?” என்றவர், நொண்டிக்கொண்டே இன்சூரன்ஸ்காரரோடு சாலைக்குப் போய் டவுன் பஸ்ஸில் ஏறினார். நின்றுகொண்டே வீடு போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி.

சில வாரம் கழித்து மருந்துக்கடைக்காரர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். நானும் இருந்தேன். கையில் ஒரு களிம்பு டியூப்.

“தேய்ச்சா நல்லாக் கேக்கும்ணே.”

“முழங்கால் உன்கிட்ட வந்து அழுதுச்சா?”

கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் டியூபை மேசைமேல் வைத்தார். “நான்தாண்ணே உங்களைப் பின்னாடி அனுப்பினேன். நான்தான் திரும்பிக்கூடப் பாக்கல.”

கண்ணாடிக்காரர் சக்கரத்தைக் கீழே வைக்கவில்லை. “இத அன்னைக்கே சொல்லியிருந்தா வேன்ல ஏறியிருப்பேன்.”

“இப்பச் சொல்றேன்ல?”

“இப்ப எனக்கு வேலை இருக்கு.”

கோடு ஒரே இழுப்பில் விழுந்தது.

அதன்பின் அவர் அவர்களோடு மலைக்குப் போகவில்லை. இவ்வளவு கோபம் ஆகாது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பேசுபவர்களில் ஒருவர்கூட அந்த வேரின்மேல் மழையில் உட்கார்ந்தவர் இல்லை. நேற்று மருந்துக்கடைக்காரர் என் வீட்டுக்கே வந்து, “நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லிச் சமாதானம் பண்ணக் கூடாதா?” என்று கேட்டார். பண்ண மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.