இரண்டாம் பாதிக்கு ஊதியவர்

சென்ற செவ்வாய் காலை ரத்தினம் அண்ணையின் மகள் தொலைபேசியில் பாதி டெனிஷும் பாதி தமிழுமாகச் செய்தி சொன்னாள். "அப்பா போயிட்டார், மாஸ்டர்." எனக்கு முதலில் நினைவு வந்தது ஒரு விசில் சத்தம். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் அவரை அறிந்த பழைய ஆட்கள் எந்த விசில் என்று கேட்கமாட்டார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதிகளாக வந்து ஓரிரு வருடங்களே ஆகியிருந்தன. ஞாயிறுகளில் ரண்டர்ஸ் நகரத் தமிழருடன் பந்தடிப்போம். ஒருவரையொருவர் நம்பாததால் ஓர் ஒழுங்கு வைத்திருந்தோம்: முதற்பாதிக்கு அவர்களுடைய ஆள் நடுவர், இரண்டாம் பாதிக்கு எங்களுடைய ஆள். எங்கள் ஆள் ரத்தினம் அண்ணை.

ஒரு ஞாயிறு நாங்கள் ஒரு கோலால் பின்னால் நின்றோம். கடைசி நிமிடத்தில் எங்கள் அணியின் தவம் அடித்த பந்து வலைக்குள் போனது. ரத்தினம் அண்ணை ஓஃப்சைட் என்று ஊதிவிட்டார். தவத்துக்கு முன்னால் இரண்டு ரண்டர்ஸ்காரர் நின்றதை எல்லோரும் கண்டோம்; அது ஓஃப்சைட்டே இல்லை. ஆட்டம் முடிந்ததும் அவரே வந்து, "பிழையா ஊதிப்போட்டன். வெயில் கண்ணுக்கை அடிச்சது," என்றார்.

எனக்கு அதுவே போதும். "இவ்வளவு கெதியா ஒத்துக்கொள்ளுறவர் வேணுமெண்டு செய்தவர்," என்றேன். ஆட்டத்துக்கு முன் ரண்டர்ஸ்காரரின் வானுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவர் இருந்ததையும் சொன்னேன்.

"ஒரு தேத்தண்ணியோடை மடக்கிப்போட்டாங்கள்," என்று தவம் சிரித்தான்.

அந்தப் பகிடி ஒரு கிழமைக்குள் ஊர்வாயில் உண்மையாகிவிட்டது. பிறகு ஊத அவரை யாரும் கூப்பிடவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில், "அண்ணை, ரண்டர்ஸ் பக்கமோ இருக்கப் போறியள்?" என்று ஒருவர் கேட்டார். ரத்தினம் அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

பல வருடங்கள் கழித்து, கோப்பன்ஹேகன் போகும் ரயிலில் ரத்தினம் அண்ணையிடம் அன்று அந்த வானுக்குள் என்ன செய்தார் என்று கேட்டேன்.

"அதுக்குள்ளை இருந்தவர் புதுசா வந்தவர், எங்கடை ஊர். என்ரை தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போனதைக் கண்டவர்."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே, மாஸ்டர்." பிறகு, "விசில் பிழைச்சால் எல்லாருக்கும் கேக்கும். கால் பிழைச்சால் கேக்காது," என்றார்.

ஒரு புள்ளியால் பரீட்சையில் தவறிய பிள்ளை, கடைசிக் கணக்கைத் திருத்திய ஆசிரியரைச் சந்தேகிக்கும். முதல் பக்கத்தில் தான் விட்ட கணக்கைத் திருப்பிப் பார்க்காது. அந்த ஆட்டத்தின் முதற்பாதியில், ஆளில்லாத கோலுக்கு முன்னால் தவம் தந்த பந்தைத் தவற விட்டவன் நான்.

செத்தவீட்டில் இதைத் தவத்திடம் முதன்முறையாகச் சொன்னேன்.

"அது அண்டைக்கே எல்லாருக்கும் தெரியும், மாஸ்டர். 'மாஸ்டர் வந்த புதுசு, அவருக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ' எண்டு ரத்தினம் அண்ணைதான் எங்கடை வாயை அடைச்சவர்."

ரயிலில் 'ஒருத்தரும் கேக்கேல்லையே' என்றபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த வான் கதையைத் தொடங்கியவன் நானென்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அதையும் நான் அவரிடம் கேட்கவில்லை.