அடைக்கலம் மாமாவின் கோடி வேட்டி

ஊரிலிருந்து யார் டெல்லிக்கு வந்தாலும் என் வீட்டில்தான் இறங்குவார்கள். அன்னவாசலில் பிறந்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியதற்கு எனக்குக் கிடைத்த பதவி உயர்வு இது. செங்கோட்டை, இந்தியா கேட், ஆக்ரா என்று சுற்றிக்காட்ட வேண்டும். ஆக்ராவில் வெயில் தாங்காமல் என்னையே திட்டுவார்கள், ஏதோ நான்தான் தாஜ்மகாலை அவ்வளவு தூரத்தில் கட்டி வைத்ததுபோல. அதனால் போன கார்த்திகையில் அடைக்கலம் மாமா தனியாக ரயிலேறி வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மாமா என் அம்மாவுக்குச் சித்தப்பா மகன். கார்டுப்படி எழுபத்துமூன்று வயது. பார்த்தால் அதற்கு மேலேயே தெரியும். வானம் பார்த்த இரண்டு ஏக்கரில் கடலை போட்டே ஆயுளைக் கழித்தவர். ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில் சொல்வார்.

“செங்கோட்டையெல்லாம் வேணாம் மாப்ள. பட்டாளத்துல செத்தவங்க பேரைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்களாமே, அங்கிட்டு மட்டும் கூட்டிட்டுப் போ” என்றார்.

அவருடைய அண்ணன் பிச்சை எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் இறந்துபோனவர். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. உடம்பு வரவில்லை, தந்திதான் வந்தது.

மறுநாள் காலை இந்தியா கேட் பக்கத்தில் இருக்கும் போர் நினைவிடத்துக்குப் போனோம். வாசலில் மாமாவின் பையைச் சோதித்தபோது ஒரு புது வேட்டி வெளியே வந்தது, ஓரத்தில் மஞ்சள் தடவி. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் இறந்தவர் மேல் உறவுக்காரர்கள் புதுத்துணி போர்த்துவோம், கோடி போடுவது என்போம். உடம்பே வராதவருக்கு யார், எங்கே போடுவது? ஐம்பத்துமூன்று வருடமாக அந்தக் குறை அந்த வீட்டில் அப்படியே இருந்தது.

உள்ளே பெயர் தேட மாமா பட்டாள நம்பரை மூச்சு விடாமல் ஒப்பித்தார். சொந்தப் போன் நம்பர் தெரியாத மனுஷர். வட்டச் சுவர்களில் வரிசை வரிசையாகப் பெயர்கள். ஒன்றரை மணி நேரம் அலைந்து கண்டுபிடித்தோம். நம்பர் சரி, பெயர் பிச்சை.

மாமா அந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்தார். “அடைக்கலம், ஒங்கண்ணன் வந்துருக்கேன்டா” என்று சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார்.

வயசான மனுஷருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று பயந்துபோனேன். “மாமா, அடைக்கலம் நீங்க. இது ஒங்கண்ணன் பிச்சை.”

“நாந்தான் மாப்ள பிச்சை.”

புல்தரையில் உட்கார்ந்து சொன்னார். திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். எட்டாவது பாஸ் சர்டிபிகேட் மூத்தவரான இவரிடம்தான் இருந்தது. இவருடைய அப்பா இவரைத்தான் போகச் சொன்னார்.

“எனக்கு வெடிச் சத்தமுன்னாலே பயம். அவன் அஞ்சாவதோட நின்னவன், ஆனா போகணும்னு துடிச்சான். ‘குடுண்ணே, நான் போறேன்’னான். குடுத்துட்டேன். எம்பேருல போனான், எம்பேருலயே செத்துட்டான். எனக்கு வந்த சாவு மாப்ள அது.”

தந்தியில் பிச்சை செத்துவிட்டான் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம் என்று ஆத்தாவை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்த, பிச்சை அன்றோடு அடைக்கலம் ஆனார். குடும்பமும் ஊரை விட்டு ஊர் மாறி அன்னவாசலுக்கு வந்துவிட்டது. விவரம் தெரிந்த சொந்தக்காரர்கள், என் அம்மா உட்பட, வாயைத் திறக்கவேயில்லை. அவருடைய ஆத்தா அதன்பிறகு சாகிறவரை அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லையாம். ‘ஏய்யா’ என்பதோடு சரி.

சட்டைப் பையிலிருந்து மனு ஒன்றை எடுத்தார். கல்லில் பிச்சையை எடுத்துவிட்டு அடைக்கலம் என்று வெட்ட வேண்டும், அதுதான் கோரிக்கை. “நீ கவர்மெண்டுல இருக்கியே, மேல சொல்லி மாத்திக் குடு.”

இருபத்தாறு வருடம் ஃபைல் பார்த்தவன் நான். முதல் மேசையிலேயே அது எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரிந்தது. “மாமா, கீழ அடைக்கலம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. செத்தவர் அடைக்கலம்னா மனுக் குடுக்கிறது யாருன்னு கேப்பாங்க. பிச்சை உயிரோட இருக்காருன்னா ஒங்கம்மா எப்படிப் பென்ஷன் வாங்குனாங்கன்னு கேப்பாங்க. நடக்காது மாமா.”

கொஞ்சம் பொய் கலந்து சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. அவர் மனுவை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். வேட்டியைக் கல்லுக்குக் கீழே வைக்கப் போனார். எதையும் வைக்கக் கூடாது என்று காவலர் மரியாதையாகத்தான் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வரும்போது மாமா என் கையைப் பிடித்தார். “சரி, அவன் பேரு போகட்டும். நான் செத்தா நீ வருவேல்ல? அப்பச் சாவுப் பதிவுல பிச்சைன்னு எழுது. ரெண்டு பேருல ஒருத்தனாச்சும் சொந்தப் பேருல சாகட்டும்.”

“எழுதுறேன் மாமா” என்றேன். சொல்வதில் என்ன சிரமம்?

இந்தச் சித்திரையில் மாமா போய்விட்டார். அவருக்கு ஒரே மகள் அருணா. டெல்லியிலிருந்து திரும்பி வந்த அந்த வேட்டியைப் பெட்டியிலிருந்து அவள்தான் எடுத்து வந்தாள். தம்பிக்கு வாங்கிய கோடியை அண்ணன் மேலேயே போர்த்தினோம்.

இறப்பைப் பதிவு செய்ய நானும் அருணாவும் போனோம். வழியில் மாமா என்னிடம் கேட்டதைச் சொன்னேன். நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

“எல்லாம் எனக்கும் தெரியும் அத்தான். ஆனா பட்டா, ஆதார், அத்தனையும் அடைக்கலம்னு இருக்கு. வேற பேருல சர்டிபிகேட் வந்தா நெலத்தை எம்பேருக்கு மாத்த முடியுமா? ஒங்களுக்கே தெரியாதா? ரெண்டு பொட்டப் புள்ளைங்களை வச்சிருக்கேன் அத்தான்.”

எனக்கே தெரியும். அதுதான் கொடுமை.

அலுவலகத்தில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டார். “இறந்தவர் பேரு?”

அருணா என்னைப் பார்த்தாள். கல்லில் கை வைத்து அழுத மாமாவின் முகம் வந்து நின்றது.

“அடைக்கலம்” என்றேன்.

“வயசு?”

“எழுபத்திமூணு.”

அதுவும் தம்பியின் வயசுதான். அந்தப் பெண் எழுதி முடித்துப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். தகவல் கொடுப்பவர் என்ற இடத்தில் உதயசூரியன் என்று என் சொந்தப் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.