ஒதுக்கிவிட்டுச் சாப்பிடு

என் கணவரின் மேனேஜர் ஐரிஷ் வம்சாவளிக்காரர். எங்கள் கிரீன் கார்டு அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்த வருஷத்தில், தங்களுக்குப் பிடித்த ஐரிஷ் உணவகத்துக்கு அவரும் மனைவியும் எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் குடியிருந்த மான்மவுத் ஜங்ஷனிலிருந்து காரில் போகிற வழியெல்லாம் இவர் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

"அவங்க ஏதாவது கேட்டா சிரி, போதும். சாப்பாட்டைப் பத்தி கமென்ட் எதுவும் பண்ணாதே. உனக்கு நான் ஆர்டர் பண்ணிக்கறேன்."

"நமக்கு அங்கே என்னங்க கிடைக்கும்?"

"உருளைக்கிழங்குதான் அவங்களுக்கு மெயினே. பேசாம வா."

நம்பினேன். எங்கள் இரண்டு குடும்பமும் பரம்பரைச் சைவம். அதிலும் இவர் என்னைவிடக் கறார். கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, மாட்டுக்கொழுப்பு இருக்கிறதா, ஜெலட்டின் இருக்கிறதா என்று பொடி எழுத்தையெல்லாம் படித்த பிறகுதான் வண்டியில் போட விடுவார். ஒரு பிறந்தநாள் விழாவில் நான் வாயில் போட்ட மிட்டாயை எல்லார் முன்னாலும் துப்பச் சொன்ன மனுஷன்.

உணவகத்தில் தாழ்ந்த மரக்கூரை, கணப்பில் நெருப்பு, மங்கலான மஞ்சள் விளக்கு. குளிரிலிருந்து உள்ளே போனதும் அந்த இடம் எனக்கு நிஜமாகவே பிடித்துவிட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும். என் கோபம் அந்த இடத்தின்மேல் இல்லை.

எனக்கு வந்தது ஒரு பீங்கான் கிண்ணம். மேலே மசித்த உருளைக்கிழங்கு பொன்னிறமாக முறுகியிருந்தது. கரண்டியை விட்டுக் கிளறினேன். அடியில் முழுக்கக் கொத்துக்கறி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இங்கே கிழங்குக்கடியில் ஆட்டையே மறைத்திருந்தார்கள்.

"என்னங்க, இதுல கறி இருக்கு" என்றேன் மெதுவாக.

இவர் சிரித்த முகம் மாறாமல் தமிழில் சொன்னார்: "தெரியும். அதை ஒதுக்கிட்டு மேல இருக்கறதைச் சாப்பிடு. சீன் கிரியேட் பண்ணாதே."

தெரியுமாம்! அப்போதுதான் இவர் தட்டைப் பார்த்தேன். ஸ்டூவில் கிடந்த இறைச்சித் துண்டைக் கத்தியால் நறுக்கி முள்கரண்டியில் எடுத்த லாவகத்தைப் பார்த்தால், அது முதல் நாள் பழக்கம் இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

நான் சாப்பிடாததைக் கவனித்துவிட்டு மேனேஜரின் மனைவி கேட்டார்: "உங்களுக்கு இது பிடிக்கவில்லையா? நீங்கள் சைவமா என்று முன்னாலேயே கேட்கும்படி என் கணவரிடம் சொல்லியிருந்தேனே. நீங்கள் எல்லாமே சாப்பிடுவீர்கள் என்று உங்கள் கணவர் சொன்னாராம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையெழுத்துக்காக இவர் எதை வேண்டுமானாலும் சாப்பிடட்டும். அது இவர் வாய். என் வாயையும் சேர்த்து எழுதிக்கொடுக்க இவர் யார்? மேஜைக்கடியில் இவர் கால் என் காலை அழுத்தியது. நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"நான் பிறந்ததிலிருந்து சைவம்" என்றேன் ஆங்கிலத்தில், தெளிவாக. "இதை என்னால் சாப்பிட முடியாது. என்னை யாரும் கேட்கவில்லை."

இவர் முகம் வெளிறிப்போனது. மேனேஜர் என் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, தானே சமையலறைப் பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் வேறு தட்டு. முட்டைக்கோஸ் சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு, நடுவே குழி பண்ணி உருகும் வெண்ணெய், பக்கத்தில் சூடான ரொட்டி. "என் அம்மா வெள்ளிக்கிழமைகளில் கறி தொடமாட்டாள். இதைத்தான் சாப்பிடுவாள்" என்றார். உப்பும் மிளகும் தூவி வயிறாரச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது காரில் இவர் கத்தினார். "மானத்தை வாங்கிட்டே. இனிமே அவர் சைன் பண்ணுவாருன்னு நினைக்கறியா?"

"பண்ணலேன்னா ஊருக்குப் போவோம்" என்றேன்.

மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம்.

அடுத்த வாரம் கடையில் நான் எடுத்த பிஸ்கட் பாக்கெட்டை இவர் வழக்கம்போல வாங்கித் திருப்பினார். பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாக்கெட்டைப் பிடுங்கினேன்.

"குடுங்க" என்றேன். "எனக்கு வேண்டியதை நானே படிச்சுக்கறேன்."