வேண்டாம் என்று சொல்ல ஒரு படம்

காலை வழிபாட்டுக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தபோது லில்லியின் ஊரான முசரவாக்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. நம் சிறப்பாசிரியை லில்லி போய்விட்டாள், மாரடைப்பாம். முந்தின நாள் மாலைதான் ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி என்னிடம் வம்பளந்துவிட்டுப் போனவள். அடிப்பாவி, இப்படியா போவாய்!

பேச்சு வராத பிள்ளைகளுக்காக அவள் செய்த படப்பலகைகளை நம் பள்ளியில் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர், சோறு, கழிப்பறை, அம்மா, வகுப்புப் பிள்ளைகள் என்று படங்கள். பிள்ளை தொட்டுக் காட்டும், நாம் புரிந்துகொள்வோம். லில்லி எந்தப் பலகையிலும் முதலில் ஒட்டுவது, கையை மறித்து 'வேண்டாம்' என்று காட்டும் படத்தை. "அதையும் கத்துக்குடுத்துட்டா நாம பாடம் நடத்தின மாதிரிதான்" என்று நான் சலித்துக்கொள்வேன். "வேணாம்னு சொல்ல முடியாத பொண்ண யார் வேணா எங்க வேணா இட்டுக்கினு போவாங்க டீச்சர்" என்பாள்.

அப்படி ஒரு நாள் வந்தது. இரண்டாம் வகுப்பு யோகிதா பாட நேரத்தில் திடீர் திடீரென்று கத்துகிறாள் என்று சில பெற்றோர் புகார் சொல்ல, அவளை வெளியூர் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்றார் தலைமையாசிரியர். தறியிலிருந்து எழுந்து ஓடிவந்திருந்த அவள் அம்மா மகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

லில்லி குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கைப்பேசியில் விடுதியின் படத்தைக் காட்டி, "அம்மா இல்லாம இங்க தங்கிப் படிக்கிறியாம்மா?" என்று கேட்டாள். யோகிதாவின் விரல் பலகைமேல் அலைந்து, தண்ணீர்ப் படத்தில் நின்றது.

"பாத்தீங்களா? அதுக்கு இன்னா தெரியும்?" என்றார் தலைமையாசிரியர்.

லில்லி தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் மறுபடி கேட்டாள். விரல் எழுந்தது, தயங்கியது, இறங்கியது. பொறுக்கமாட்டாமல் நான் பேச வாயெடுத்தேன்.

"யாரும் பேசாதீங்க! பொண்ணு பேசிக்கினு இருக்குது" என்று லில்லி சீறினாள். அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். விரல் 'வேண்டாம்' படத்தில் போய் அழுந்தியது. பிறகு மெல்ல நகர்ந்து, வகுப்புப் பிள்ளைகளின் படத்தைத் தொட்டது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் யோகிதாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பொண்ணு சொல்லி முடிக்கிற வரைக்கும் இனிமே யாரும்மா காத்துக்கினு இருப்பாங்க?"

நான் அவசரக்காரி; அடுத்தவர் பேச்சை நானே முடித்துவைக்கிறவள். உங்களுக்குத் தெரியாததா? லில்லியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் காத்திருப்பு ஒன்றைத்தான். அதுவும் இன்னும் முழுசாகக் கைவரவில்லை. ஆனாலும் "நான் இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.