மடியில் பலகை, பக்கத்தில் அக்கா

“அக்கா, உன் தடிக் கம்பியக் குடு.”

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பூட்டுக்காரர் இதைச் சொல்வார். பக்கத்து நாற்காலியில் கிட்டாரை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் அக்கா, கட்டைவிரலால் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டுவார். அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு இவர் மடியில் கிடக்கும் பலகையின் ஆறு கம்பிகளையும் திருகத் தொடங்குவார். திருகுவார், காதைச் சாய்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி திருகுவார். மேஜை வாங்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வாசிப்பே இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நகர்ந்துவிடுவார்கள்.

இடம் ஒரு மரச்சாமான் கடையின் முதல் மாடி. சனிக்கிழமைகளில் மூன்றிலிருந்து ஆறு வரை இந்த இருவரின் வாசிப்பு. கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டும் என்பது பூட்டுக்காரரின் ஒரே நிபந்தனை. கைப்பிடி இருந்தால் பலகை மடியில் படுக்காது. அதனால் சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவே இடம் கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியில் தொங்கும் விலைச்சீட்டைக் கழற்றக் கூடாது என்பது மேலாளரின் நிபந்தனை. ஒருமுறை பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் மேஜையோடு ஆறு நாற்காலிகளையும் வாங்கிவிட்டது. பாட்டு முடியும்வரை குடும்பமே கைகட்டி நின்றது. நாற்காலிக்காகத்தான்.

பூட்டுக்காரருக்கு வயது ஐம்பத்தேழு. ஒல்லி. சிரித்தால் மட்டும் முகம் அகலமாகும், அதுவும் அபூர்வம். கடைத்தெரு முனையில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய ஒரு கடையில் சாவி வெட்டுகிறார். என் மேஜை இழுப்பறை பூட்டிக்கொண்ட ஒரு நாளில்தான் பழக்கம் ஏற்பட்டது. வீட்டுக்கு வந்து இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். “உள்ள இருக்கறது உங்க சமாசாரம். என் வேலை வாசலோட சரி.” உள்ளே இருந்தவை பழைய மின்கட்டண ரசீதுகள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் காட்டிய மரியாதையைக் கெடுப்பானேன்?

மடியில் இருக்கும் பலகைக்கு லேப் ஸ்டீல் என்று பெயர். கிட்டாரை மல்லாக்கப் படுக்கவைத்து, கம்பிகளை விரலுக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிட்டால் எப்படியோ அப்படி. விரலால் அமுக்க முடியாது. இடது கையில் ஒரு இரும்புத் தண்டை வைத்துக் கம்பிகளின் மேல் வழுக்கவிட வேண்டும். இவருடைய தண்டு, கைவிடப்பட்ட ஏதோ கிடங்குக் கதவின் தாழ்ப்பாளிலிருந்து அறுத்து, அரம் போட்டு, கண்ணாடியாகத் தேய்த்தது. பலகையும் இவரே அறுத்ததுதான். வலது கை விரல்களில் மூன்று உலோக நகங்களை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து வாசிப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ மீன் ஆய்கிறார் என்று தோன்றும். அக்கா சொன்னதுதான் இது, என் கற்பனை அல்ல.

“அக்கா மொத சம்பளத்துல கிட்டார் வாங்கினா. நானும் அதையே வாசிச்சா ஒருத்தர் வேஸ்ட்டுதானே? அதான் இதப் படுக்கப் போட்டேன்” என்றார். “அவளோடதுல விரல் கொஞ்சம் முன்ன பின்ன போனாலும் கம்பிக்குக் கீழ குறுக்க பதிச்சிருக்கற கட்டை காப்பாத்திடும். இதுல வெறும் வரைஞ்ச கோடுதான். காப்பாத்த ஆள் கிடையாது. கோட்டுக்கு நேர் மேல தண்டு நிக்கணும். ஒரு மயிரிழை நகந்தா, பக்கத்துல அக்கா சரியா வாசிக்கறதாலயே நான் மாட்டிக்குவேன்.”

தண்டுக்குப் பின்னால் அவருடைய மற்ற விரல்கள் கம்பிகளின் மேல் சும்மா படுத்திருப்பதாக நினைத்திருந்தேன். சும்மா இல்லையாம். வேண்டாத கம்பிகள் அதிராமல் அமுக்கிவைக்கின்றனவாம். வலது உள்ளங்கைக்கும் அதே உத்தியோகம். “சத்தம் போடறது கால்வாசிதான் சார். முக்கால்வாசி சத்தத்த அடக்கறது.” அக்கா தாழ்ந்த கம்பிகளில் இருந்தால் இவர் மேலே போவார். அக்கா வேகமாக மீட்டினால் இவர் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டு காத்திருப்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசக் கூடாது என்பது வீட்டில் பின்பற்றாத விதி, கடையில் பின்பற்றுகிறார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. அக்காவின் கிட்டாரில் கம்பிகள் உலகம் முழுக்க எல்லாரும் வைக்கும் அதே சுருதி வரிசையில்தான் இருக்கும். இருபது வருடமாக அதை மாற்றியதில்லை. அந்தக் கிட்டாரைத் தம்பி தொடவும் கூடாது. மேஜையில் படுக்கவைத்து அக்காவே சுருதி சேர்ப்பார். பலகையின் சுருதியைத் தம்பி எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். “ரெண்டு பேரும் ஊர் சுத்தக் கெளம்பிட்டா வீட்ட யாரு பார்த்துக்கறது? நான் வீட்ல இருக்கேன், நீ சுத்துடா” என்பார் அக்கா.

தம்பி ரொம்பவே சுற்றினார். நான் கவனிக்கத் தொடங்கிய ஒன்றரை வருடத்தில் ஆறு முறை சுருதி வரிசையை மாற்றினார். ஒவ்வொரு முறையும் பழைய பாட்டுகளையே புது இடங்களில் தேடிக் கற்றுக்கொண்டார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், “என் பலகைக்கு இப்ப இந்த வரிசைதான் ஒத்துக்குது” என்பார். “ஆமா, பலகைக்கு உடம்பு சரியில்ல” என்பார் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். நான் என் குறிப்பேட்டில் ‘எதிலும் திருப்தி இல்லாத ஆசாமி’ என்று எழுதிவைத்தேன். அதை நினைத்தால் இப்போது கை கூசுகிறது.

மூன்று மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை, பலகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வர உதவினேன். துடைக்கிற துணியை எடுக்கச் சொன்னார். மூடியைத் திறந்தேன். மூடியின் உட்பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கும் ஒவ்வொரு விதத்தையும் இவர்கள் ‘பிடி’ என்பார்கள். அட்டையில் பிடிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பி மைனர், அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. எஃப், கோடு, தேதி. சி. ஜி. டி. எல்லாவற்றுக்கும் கோடு. ஏ மைனரின் கோடு மூன்று வாரப் பழசு. கடைசியில் ஈ மைனர் மட்டும் கோடில்லாமல் இருந்தது.

நான் அட்டையைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். துணியை வாங்கிக்கொண்டு மூடியைச் சாத்தினார். செவ்வாய்க்கிழமை, தேவையே இல்லாத ஒரு மாற்றுச் சாவிக்காகக் கடைக்குப் போனபோது, இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டே பேசினார்.

அக்கா இருபத்திரண்டு வருடம் பள்ளி வேன் ஓட்டியவர். கணவரைப் பற்றிக் கேட்டால், “ஆள அனுப்பிட்டேன், கிட்டார வெச்சுக்கிட்டேன்” என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பவர். இரண்டு வருடம் முன்பு ஒரு காலை, கியர் மூன்றாவதுக்குப் போகவில்லை. வண்டியைப் பழுது பார்க்க விட்டார்கள். வண்டியில் பழுதில்லை. இடது கையில் பலம் போய்க்கொண்டிருந்தது.

“நரம்பு சார். டாக்டர் வரிசையாச் சொல்லிட்டார். இந்தக் கை, அப்புறம் அந்தக் கை, அப்புறம் காலு, தொண்டை. கடைசில மூச்சு. தேதி மட்டும்தான் சொல்லல.” சாவியைத் திருப்பி மறுபக்கம் பொருத்தினார். “எந்தப் பிடி போகுதோ, அத நான் எடுத்துக்குவேன். மொதல்ல பி மைனரும் எஃப்பும் போச்சு. அதுக்கெல்லாம் ஒரு விரல நீட்டி எல்லாக் கம்பியையும் அமுக்கணும். பலகைல சி சுருதி வெச்சேன்னா எஃப் எனக்கு அஞ்சாம் கோட்டுல கெடைச்சுடும், தண்ட நேரா வெச்சா போதும். அந்த எடத்துல அவ கையத் தூக்கிட்டு கிட்டார் உடம்புல தட்டுவா. கேக்கறவங்க அது ஒரு ஸ்டைலுன்னு நெனைச்சுக்குவாங்க.”

“இப்போ?”

“இப்ப ஈ மைனர் ஒண்ணுதான். ரெண்டு விரல் போதும் அதுக்கு. அதான் ஜி சுருதியில மேல்கம்பிய மட்டும் ஏத்தி வெச்சிருக்கேன். அவ பாட்டுக்கு அதையே புடிச்சிட்டு மீட்டட்டும். நான் மேல சுத்திச் சுத்தி வருவேன். பாட்டு எங்கயோ போற மாதிரி இருக்கும். எங்கயும் போகல.”

சுருதி மாற்றங்களுக்கு இதுதான் காரணம் என்று அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இயந்திரத்தை நிறுத்தினார். “அட்டைல பேரு எழுதினது நான். கோடு போடறது அவ. நாங்க அதப் பத்திப் பேசறதில்ல.”

சாவியை வாங்கிக்கொண்டு தெருவில் வெகுதூரம் நடந்த பிறகுதான், சாவி இன்னும் சூடாக என் கையில் இருப்பது தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

கடை மேலாளர் கெட்டவரில்லை. பளிச்சென்று சட்டை போட்டுக்கொண்டு எல்லாரிடமும் சிரிப்பவர். போன மாதம் பூட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். “அந்தம்மா ஒரே எடத்துலயே நிக்கறாங்களே. நீங்க ஒருத்தர் வாசிச்சாலே போதுமே.”

“இந்தப் பலகை தனியா இருந்தா அழும் சார். பக்கத்துல ஒரு கிட்டார் இருந்தாத்தான் பேசும். அக்கா எந்திரிச்சா நானும் எந்திரிச்சுடுவேன்.”

மேலாளர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பூட்டுக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஏற்கெனவே சரியாக இருந்த கம்பிகளை மறுபடியும் திருகினார். அக்கா அவரைப் பார்க்காமல், “என்னவாம்?” என்றார். “நாற்காலி வெலை ஏறுதாம்” என்றார் தம்பி.

கடந்த சனிக்கிழமை நான் போனபோது முதல் பாட்டு முடிந்திருந்தது. வழக்கம்போல ஒரு மேஜையின் விலையை விசாரிக்கிற பாவனையில் பக்கத்தில் நின்றேன். மூன்று மாதமாக அதே மேஜையைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது பாட்டின் நடுவில் அக்காவின் கிட்டாரில் ஒரு கரகரப்பு எழுந்தது. இடது கையின் இரண்டு விரல்களும் கம்பியின் மேல்தான் இருந்தன, ஆனால் அமுக்கவில்லை. தம்பி உடனே தண்டை மேலே ஏற்றி, உரக்க வாசித்து மறைத்தார். அக்கா விரல்களை எடுத்து மறுபடி வைத்தார். கரகரப்பு. மூன்றாவது முறை, வலது கையால் இடது கை விரல்களைப் பிடித்து, கம்பியின் மேல் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். வலது கையை மீட்டக் கொண்டுபோவதற்குள் அவை சரிந்துவிட்டன.

தம்பியின் தண்டு நின்றது. “அக்கா, இந்தப் பலகைக்கு வந்து, இன்னிக்கு…”

“பலகைய விடுடா.”

அக்கா கிட்டாரை மடியிலிருந்து இறக்கி, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தினார். அதன் தலை அவர் முகத்துக்கு நேராக வந்தது. “எத்தன நாளைக்கு வீட்டையே பார்த்துக்கிட்டிருக்கறது? நானும் வரேன். மூணு கம்பிய எறக்கினா உன் ஜி சுருதி எனக்கும் வந்துடும். இந்தக் கையே வேணாம், சும்மா மீட்டினாப் போதும்.”

“வேணாம்க்கா.”

“வலது கை இருக்கற வரைக்கும் உக்காரலாம்டா. அது போனா எந்திரிக்கலாம். உன் தடிக் கம்பியக் குடு.”

பூட்டுக்காரர் கொடுக்கவில்லை. உலோக நகங்கள் மாட்டிய கை பலகைக்கு மேலே அப்படியே நின்றது. மேஜையைச் சுற்றி வந்த ஒரு பெண்மணி அக்காவின் நாற்காலியைத் தட்டிப் பார்த்து, “இது எவ்வளவு?” என்று கேட்டார். இருவரும் திரும்பவில்லை. நான் சீட்டைப் படித்து விலையைச் சொன்னேன். அதிகம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தம்பி தன் தடித்த கம்பியைத் தட்டினார். தாழ்ந்த ஓசை வந்தது. அக்கா வலது கையால் தன் கிட்டாரின் முதல் திருகைப் பிடித்தார். திருகைப் பிடித்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. திருகுவதற்கு அந்த ஒரு கைதான் இருந்தது. திருகும்போதே கம்பியைத் தட்டிப் பார்க்க இன்னொரு கை இல்லை. அக்கா திருகை விடாமல், தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

பூட்டுக்காரர் விரல்களிலிருந்த நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு குறுக்கே கையை நீட்டி, இருபது வருடமாகத் தொட அனுமதி இல்லாத அந்தக் கிட்டாரின் தடித்த கம்பியை, வெறும் விரலால், அக்காவுக்காகத் தட்டினார்.