மாடியில் முளைத்த நாற்று

எனக்கும் ஏசிக்கும் ஜென்மப் பகை ஒன்றும் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில்லோடுதான் பகை. பூதலூரில் நான் கட்டிய வீடு மேற்குப் பார்த்தது. சித்திரை பிறந்துவிட்டால் பகலெல்லாம் வாங்கிய வெயிலை கான்கிரீட் கூரை அப்படியே எங்கள் தலையில் இறக்கும். அப்படியும் இரண்டு ஃபேனை வைத்துக்கொண்டு நானும் மனைவியும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

வம்பு எங்கள் மகளின் வளைகாப்பில் ஆரம்பித்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வளையல் அடுக்கி முடிந்ததும் அவளை அழைத்து வர, திருச்சிக்குக் காரோடு போயிருந்தோம். மகளின் மாமியார் வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. இந்த வெயில்ல உங்க வீட்டுல புள்ள வதங்கிப் போயிடும். இங்க ஏசி இருக்கு. பிரசவம் இங்கயே ஆகட்டுமே."

எனக்குச் சுருக்கென்றது. மகள் தலையைக் குனிந்து வளையல்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எங்களோடு வர அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். ஏசி வாங்கிவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பதினஞ்சு நாள் கொடுங்க சம்பந்தியம்மா. ஏசி இல்லாமயே குளுகுளுன்னு ஆக்கிக் காட்டுறேன். நீங்களே வந்து பாருங்க. பிடிக்கலைன்னா புள்ள இங்கயே இருக்கட்டும்."

மகள் இல்லாமல் திரும்பிய காரில் மனைவி என்னோடு பேசவில்லை.

மறுநாளே வேலையில் இறங்கினேன். மொட்டை மாடிக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தேன். மேற்குச் சுவரை மறைத்துத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினேன். ஜன்னல்களை விடியலில் திறந்து, வெயில் ஏறுமுன் சாத்தினோம். அதுவும் போதாதென்று, மகளுக்கு ஒதுக்கிய அறைக்கு நேர் மேலே வயலிலிருந்து வைக்கோல் கொண்டுவந்து பரப்பி, இரண்டு வேளையும் நனைத்தேன். மோட்டாரைப் போட்டு நனைத்த முதல் நாளே மனைவி மௌனத்தைக் கலைத்தாள்.

"ஏசிக்குப் போற கரண்ட்ட மோட்டாருக்கு விட்டா, அதுக்குப் பேரு மிச்சமாங்க?"

அன்றிலிருந்து அடிபம்பில் அடித்து வாளியில் சுமந்தேன். இடுப்பு விட்டுப்போனது. அறை மட்டும் நாளுக்கு நாள் இதமாகிக்கொண்டே வந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, வடகம் காயவைக்க மாடிக்குப் போன மனைவி அங்கிருந்தே சத்தம் போட்டாள். போய்ப் பார்த்தால், வைக்கோலுக்குள்ளிருந்து விரல் உயரத்துக்கு நெல் முளைத்துப் பச்சைப்பசேலென்று நிற்கிறது! மிஷின் அறுத்த வைக்கோலில் நெல்மணி தங்கியிருக்கும் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? முப்பது வருஷமாக விவசாயம் பார்க்கிற எனக்குத்தான் தோன்றவில்லை. அள்ளிக் கொட்டிவிடலாம் என்று குனிந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. சம்பந்தியம்மா மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

எங்களைத் தேடி நேராக மாடிக்கே ஏறி வந்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"மேட்டூர் அணையே இன்னும் தொறக்கல. அதுக்குள்ள குறுவைக்கு நாத்து விட்டுட்டீங்களா சம்பந்தி?"

என் மானம் கப்பலேறியது.

மதியச் சாப்பாடு முடிந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. "சரி, அந்த ரூமைக் காட்டுங்க. சித்த படுத்துப் பாக்குறேன்" என்றவர், பாயை விரித்துப் படுத்து, கதவைச் சாத்தச் சொன்னார். நானும் மனைவியும் கூடத்தில் நின்றோம். வியர்த்தது எங்களுக்குத்தான்.

அப்போது மகளிடமிருந்து போன்.

"அப்பா, அத்தை என்ன சொன்னாங்க? எனக்கு ஏசியும் வேணாம், ஒண்ணும் வேணாம். அம்மா பக்கத்துல இருந்தா போதும்ப்பா."

குரலில் அழுகை ஒட்டியிருந்தது. என் வீம்புக்கு இவளைப் பணயம் வைத்துவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. பில் எவ்வளவு வந்தால் என்ன, இன்றைக்கே ஏசிக்குச் சொல்லிவிடுகிறேன் என்று வாயெடுத்தேன். அதற்குள் அறைக்குள்ளிருந்து ஏதோ சத்தம். மனைவி கதவை மெல்லத் தள்ளினாள். சம்பந்தியம்மா வாயைத் திறந்து, ஊருக்கே கேட்கும்படி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் போனைக் கதவிடுக்கில் நீட்டினேன். மறுமுனையில் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"அத்தை எழுந்திரிக்கறதுக்குள்ள நான் பெட்டி கட்டிடுறேன்ப்பா."