பாஸுக்குத் தகுந்த தூரம்

ரயில்வேயில் முப்பத்து நாலு வருஷம் கார்டு வேலை பார்த்தவன் நான். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, ஒரு கைவிளக்கு, ஒரு தூக்குவாளிச் சோறு என்று தனியாக உட்கார்ந்து கழித்த வாழ்க்கை. தொண்ணூறுகளின் நடுவில் ஓய்வு பெற்றுத் திண்டுக்கல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மாலை போட்டார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள், என்னைப் பற்றி நாலு பேர் பொய் பேசினார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வருஷத்துக்கு இத்தனை என்று ரயில் பாஸ் தருவார்கள். கணவன் மனைவி இருவரும் நாட்டின் எந்த மூலைக்கும் போய் வரலாம். அதுதான் எனக்குப் பெரிது.

அந்தப் பாஸில் ஒரு விதி உண்டு. பக்கத்து ஊருக்குப் போய் வந்தாலும் ஒரு பாஸ் தீர்ந்தது, காஷ்மீருக்குப் போய் வந்தாலும் ஒரு பாஸ்தான் தீர்ந்தது. இந்த விதிதான் என் புத்தியைக் கெடுத்தது. ரயில்வே மேப்பைத் தரையில் விரித்துப் போட்டு எது ரொம்பத் தூரமோ அந்த ஊரைத் தேடுவேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். இப்படித்தான் நாங்கள் ஜம்முவுக்குப் போனோம். கவுகாத்திக்குப் போனோம். செகந்திராபாத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதற்கே, "இம்புட்டுக் கிட்டத்துக்கு ஒரு பாஸக் கிழிக்கணுமா" என்று முனகியவன் நான்.

ஊரில் இருக்கும் நாட்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய்ப் பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வோம். எங்கள் பொழுதுபோக்கு அதுதான். "வேல பாக்கும்போதும் ரயிலு, வேலைய விட்டப்பறமும் ரயிலா? ஊர்ல அவனவன் கோயில் குளம்னு போறான்" என்று என் மனைவி கேலி செய்வாள். ஆனால் பிளாஸ்கில் காப்பியோடு கூடவே வருவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, வரும் வண்டி கூட்ஸா பாசஞ்சரா, சக்கரம் எதிலாவது தேய்மானம் இருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். "உங்களுக்குப் பாம்புச் செவி" என்பாள். அதைக் கேட்க எனக்கு அப்படி ஒரு பெருமை.

அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு அக்கா. குஜிலியம்பாறைக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டுக்கு நடுவில், மகன் மருமகளோடு இருந்தார். தாய் சீக்கிரம் போய்விட்டதால் என் மனைவிக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து கல்யாணத்துக்குச் சேலை எடுத்தது வரைக்கும் எல்லாம் அந்த அக்காதான். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். கரூர் லைனில் காலையில் ஒரு பாசஞ்சர் வண்டியும் உண்டு.

"அக்காவ ஒரு எட்டுப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்பாள்.

அந்த ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாஸ் போடுவதா? அநியாயம். சரி, டிக்கெட் எடுத்துப் போகலாம் என்றால், முப்பத்து நாலு வருஷம் ரயிலில் வேலை பார்த்தவன் கவுண்டரில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்குவதா? பஸ்ஸில் போகலாம் என்றால் எனக்கு வாந்தி வரும் என்பேன். வாந்தியுமில்லை, ஒரு மண்ணுமில்லை. பஸ்ஸில் போவது எனக்குக் கௌரவக் குறைச்சல், அவ்வளவுதான். சரி, நான் மட்டும் போய் வருகிறேன் என்பாள். "அப்ப எனக்குச் சோறு?" என்று கேட்டு அதற்கும் முட்டுக்கட்டை போடுவேன்.

நாங்கள் போகாததால் அக்காதான் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மார்கழியிலும் மொச்சை காய்த்ததும் ஒரு மஞ்சள் பை நிறையப் பச்சை மொச்சையோடு வந்து இறங்குவார். சாயங்காலமே திரும்பிவிடுவார், மாடு கன்று இருக்கிறதே. அந்தப் பகல் முழுக்க அடுப்படியில் அக்காவும் தங்கையும் மொச்சை உரிப்பார்கள். சிரிப்புச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும். என்னைப் பார்த்தால் மட்டும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "மாப்பிள்ள, இந்த வருசம் எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்பார். நானும் ஜம்மு, கவுகாத்தி என்று அளந்துவிடுவேன்.

ஒரு மார்கழியில் அவர் வந்தபோது நாங்கள் மகள் வீட்டில் இருந்தோம். சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர் பூட்டிய கேட்டில் பையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். நாங்கள் வந்து பார்த்தபோது மொச்சை அழுகிப் போயிருந்தது. அதைக் கொட்டிவிட்டுப் பையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டு என் மனைவி செத்த நேரம் அங்கேயே நின்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பிறகு அக்காவுக்கு முழங்கால் வலி வந்தது. பஸ் படி ஏற முடியாமல் போய், வரத்து நின்றது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த வருஷம் ஒரு பாஸ் மிச்சமிருந்தது, அதற்குப் போட்ட கெடு முடியப்போகிறது. மேப்பை விரித்தேன். துவாரகை. மேற்கே அதற்கப்புறம் கடல்தான், அதைவிடத் தூரம் போக முடியாது. இரண்டு மாதம் முன்னாலேயே முன்பதிவு செய்து, கீழ்ப் படுக்கையும் கிடைத்து, நான் தரையில் நிற்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் போன் அடித்தது. என் மனைவி அடுப்படியில் வழிக்குப் புளிச்சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்தேன். அக்காவின் மகன், குஜிலியம்பாறை பூத்திலிருந்து பேசினான்.

"சித்தப்பா, அம்மாவுக்கு ரெண்டு வாரமா முடியல. சரியாச் சாப்பிடல. பயப்படுற மாதிரி ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா சித்தியப் பாக்கணும் பாக்கணும்ங்குது. மொச்ச காச்சிருக்கு, வந்து பறிச்சிட்டுப் போகச் சொல்லுங்கிது."

"மொச்சையா?" என்றேன். அப்புறம், "சரிப்பா, சரி, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

அவன் சொன்னதில் "பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல" என்ற மூன்று சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன். பதினைந்து நாளில் வந்துவிடுவோம், வந்ததும் போய்ப் பார்த்தால் ஆயிற்று. இப்போது சொன்னால் இவள் போகணும் என்பாள். டிக்கெட் போகும், கீழ்ப் படுக்கை போகும், கெடு முடிந்து பாஸும் போகும். இதையெல்லாம் நினைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கெட்ட காரியத்துக்கு என் மூளை அவ்வளவு வேகமாக ஓடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"யாரு போன்ல?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ராங் நம்பர்" என்றேன்.

கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் இல்லை. பிறகு மறுபடி கேட்டது.

துவாரகையைப் பார்த்தோம். கோயிலைப் பார்த்தோம், கடலைப் பார்த்தோம். என் மனைவி அந்தப் பயணம் முழுக்க அதிகம் பேசவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கரையில் உட்கார்ந்திருந்தபோது, "அக்காவுக்கு ஒரு கார்டு போடலாமா?" என்று கேட்டாள். "நாம போய்ச் சேந்தப்பறம்தான் கார்டு போய்ச் சேரும்" என்று சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள்.

பதினாறாம் நாள் காலையில் வீட்டுக்கு வந்தோம். கேட்டைத் திறக்கும் முன்பே பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் கிளம்பிப் போன ஆறாம் நாள் அக்கா போய்விட்டார். மகன் நேரில் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். யாருக்கும் எங்கள் விலாசம் தெரியவில்லை. எல்லாம் முடிந்து பத்து நாளாகிவிட்டது.

பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பஸ் ஒன்றரை மணி நேரம் குலுங்கிக்கொண்டு போனது. எனக்கு வாந்தி வரவில்லை. வந்திருந்தாலாவது நான் சொன்ன பொய்களில் ஒன்று குறைந்திருக்கும்.

அந்த வீட்டில் சொந்தபந்தம் பத்துப் பேர் இருந்தார்கள். என் மனைவி அக்காவின் கட்டிலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கினபிறகு மருமகள்தான் சொன்னாள்: "வாசல்ல ஏதாச்சும் வண்டிச் சத்தம் கேட்டா அத்த தலையத் தூக்கித் தூக்கிப் பாத்துச்சு சித்தி. வேலியோரத்து மொச்சக் கொடிய யாரையும் தொட விடல. எந்தங்கச்சி வந்து பறிக்கட்டும்னுச்சு."

மகன் என் பக்கம் திரும்பினான். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "சித்தப்பா, நான் போன் பண்ணிச் சொன்னேனே" என்றான்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவரக் கேட்டு என்னப்பா செய்ய? ரயில்ல கெடந்து அவருக்குக் காது மந்தமாப் போச்சு. போன்ல பேசுனா ஒண்ணும் விளங்காது. யாரோ என்னமோ சொன்னாகன்னு வச்சிருப்பாரு" என்றாள்.

"அடடா, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றான் அவன். அதோடு அவன் என்னை விட்டுவிட்டான். அந்த நிமிஷத்திலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் என்னிடம் கத்தித்தான் பேசினார்கள். "சித்தப்பா, காப்பி குடிக்கிறீங்களா?" என்று மருமகள் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாள். நான் கையைக் காதில் வைத்து, "ஆங்?" என்றேன்.

அன்றைக்குத் திரும்பும்போது, வேலியோரத்தில் முற்றிக் காய்ந்து கிடந்த மொச்சையை என் மனைவி பறித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை அந்த ஊருக்குப் போகிறோம். பஸ்ஸில்தான். பாஸை நான் வாங்குவதையே விட்டுவிட்டேன். போகும்போதெல்லாம் நான் செவிடன். பக்கத்து அறையில் என்னைப் பற்றி, "பாவம், நல்ல மனுசன், காதுதான் போச்சு" என்று பேசுவது ஒரு எழுத்து விடாமல் காதில் விழும். கேட்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் என் மனைவி எப்போதும்போல மெதுவாகத்தான் பேசுவாள். அந்தப் போனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் சண்டை போட்டிருக்கலாம், தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. ஸ்டேஷனுக்குப் போவது மட்டும் தானாக நின்றுபோனது.

ஐந்தாறு வருஷம் இப்படியே ஓடியது. போன மார்கழியில் அங்கேயிருந்து ஒரு பை மொச்சை கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் அடுப்படித் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் உரித்துக்கொண்டிருந்தோம். அக்கா உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அது எனக்குத் தாங்கவில்லை.

"எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்குப் போன்ல அவன் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு. டிக்கெட் போயிரும்னு உங்கிட்டச் சொல்லல."

அவள் கையிலிருந்த காயை உரித்து முடித்து, பயறைக் கிண்ணத்தில் போட்டாள்.

"எனக்கும்தான் கேட்டுச்சு" என்றாள். "மொச்சையான்னு நீங்க கேட்டது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. நமக்கு மொச்ச தர்றதுக்கு வேற யாரு இருக்கா?"

கையிலிருந்த காயைக் கீழே வைத்தேன். "அப்ப ஏன் நீ கேக்கல? அப்பவே வந்து கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கணும்னுதான் கரண்டிய வச்சேன். கேட்டா நீங்க உண்மையச் சொல்லுவீங்க. சொல்லிட்டு, போய்ட்டு வந்து பாத்துக்கலாம்பீங்க. நானும் சரின்னு பெட்டியத் தூக்கிருப்பேன். எங்க அக்கா கூப்புட்டது தெரிஞ்சே துவாரகைக்கு வந்தவளா ஆயிருவேன்ல. அதான் தெரியாதவளாவே வந்துட்டேன்."

அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன், உடனே டிக்கெட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள். நான் இன்னொரு காயை எடுத்து உரித்தேன்.